ஒரே நாளில் எல்லாப் பண்டிகையும்

போர்கள் மனிதகுலத்தைப் பிரித்தன, எல்லைகள் பிரித்தன, மொழிகளும் தங்கள் பங்குக்குப் பிரித்தன. ஆனால் பண்டிகைகள்தாம் அதை மறுபடியும் ஒரே குடும்பமாக உட்கார வைத்தன. இந்த மகத்தான உண்மை அந்த முதியோர் இல்லத்தின் வரவேற்பறையில் கண்ணாடி போட்டுத் தங்க எழுத்தில் மாட்டப்பட்டிருந்தது. அங்கே எல்லா மதத்துப் பண்டிகைகளும் கொண்டாடப்பட்டன என்பது பொய்யில்லை. எல்லாம் ஒரே நாளில் கொண்டாடப்பட்டன, அவ்வளவுதான். மேலாளர் அம்மாவின் தம்பி கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவர். அவருக்குக் கல்யாணம் கிடைக்காத நாளில்தான் கடவுள்களுக்கு நேரம் கிடைத்தது.

வருஷ ஆரம்பத்தில் ஒரு காலை, சாப்பாட்டுக் கூடத்து மேசைகளை ஓரம் கட்டுவார்கள். பரணிலிருந்து பெட்டிகள் இறங்கும். விளக்குப் பெட்டி, நட்சத்திர மரத்துப் பெட்டி, நிலாப் பெட்டி, நோன்புப் பெட்டி, அறுவடைப் பெட்டி. புத்தாண்டுக்கு மட்டும் நாலைந்து பெட்டிகள். வருஷம் எந்த நாளில் பிறக்கிறது என்பதில் மனிதகுலம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பச்சைச் சுவருக்கு முன்னால் ஒரு நாற்காலி. அதில் ஒவ்வொருவராக உட்கார்ந்து, தலையில் ஒன்றை வைத்து, தோளில் ஒன்றைப் போர்த்தி, கையில் ஒன்றைப் பிடித்துச் சிரிக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே அவரவர் பழைய லுங்கியோடும் நைட்டியோடும்தான் இருப்பார்கள். கேமரா அவ்வளவு தூரம் இறங்காது. தட்டில் இருக்கும் பலகாரம் பிளாஸ்டிக். பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அது தட்டோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் உலகத்து மதங்கள் எல்லாம் முடிந்துவிடும். பிறகு அந்தந்தப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால், 'உங்கள் தந்தை எங்களோடு கொண்டாடுகிறார்' என்ற வரியோடு, பிள்ளைகளின் போனுக்குப் படம் போகும். பண்டிகை நிஜமாக வரும் நாளில் இல்லத்தில் வழக்கமான கஞ்சி. கொண்டாட்டம்தான் எப்போதோ முடிந்துவிட்டதே.

இந்த ஏற்பாட்டால் எல்லோரும் பயனடைந்தார்கள், செக்கரைத் தவிர.

செக்கர் என்பது அவர் பார்த்த வேலை. பஸ்ஸில் திடீரென்று ஏறி, டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடித்து இறக்கிவிட்டே ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகன் வந்து, "கொஞ்ச நாளைக்குத்தான்பா" என்று சொல்லி இங்கே விட்டுப் போனான். கொஞ்ச நாள் என்பது நீளமான ஒன்று என்று செக்கருக்குப் பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டில் பிறந்த பேத்தி போனில் வெறும் குரலாகவே வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். இல்லத்தில் இணையம் நொண்டியடிக்கும். முகம் பார்த்துப் பேசுவது அபூர்வம். முகத்துக்குத்தான் படம் போகிறதே.

மாடி முழுவதற்கும் ஒரே போன், அது சிஸ்டர் கையில் இருக்கும். அதில் ஒரு நாள் செக்கர் மனம் விட்டுச் சொன்னார்.

"இங்க பேச ஆளில்லடா. ராத்திரியானா நெஞ்ச அடைக்குது."

"என்னப்பா இப்படிச் சொல்றீங்க? நிலா வாழ்த்துல எப்படிச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க! கையில இவ்ளோ பெரிய தட்டு வேற."

"அது பிளாஸ்டிக்டா."

"எதுப்பா?"

"பலகாரம்."

"சுகர் இருக்குல்லப்பா, நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க. எவ்ளோ யோசிக்கிறாங்க பாருங்க."

டிக்கெட் இல்லாதவன் சொல்லும் எல்லாச் சாக்குகளுக்கும் செக்கரிடம் பதில் இருந்தது. தன் சொந்தச் சிரிப்பையே சாட்சிக் கூண்டில் ஏற்றும் ஆளுக்கு இல்லை.

மகனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பண்டிகை என்றால் பஸ்ஸில் கூட்டம். கூட்டம் என்றால் செக்கருக்கு வேலை. அவன் சிறுவனாக இருந்தபோது வந்த எந்தப் பண்டிகைக்கும் அப்பா வீட்டில் இல்லை. அவர் நாற்காலியில் அவருடைய தொப்பியை வைத்து, அம்மா விளக்கேற்றிவிடுவாள். அப்பா இல்லாமல் பண்டிகை கொண்டாடுவதில் அவனுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

அப்படியிருந்தும் இந்த முறை படப்பிடிப்புக்கு முந்தின வாரம் அவனே சொன்னான்: "வருஷக் கடைசியில விளக்குப் பண்டிகைக்கு வரலாம்னு இருக்கேன்பா. நேர்ல பாக்கறேன். நிஜமாவே உங்களுக்கு அங்க முடியலன்னா கையோட கூட்டிட்டு வந்துடறேன். கீழ் ரூம் காலியாத்தான் கிடக்கு."

செக்கர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். கீழ் ரூம். படி ஏற வேண்டாம். ஜன்னல் இருக்குமா என்று கேட்டிருக்கலாம். ஆனால் நடுவில் ஒரு 'முடியலன்னா' நின்றது. முடியவில்லை என்று வாயால் சொன்னால் படம் மறுத்துப் பேசுகிறது. அப்படியானால் படமே சொல்லட்டும் என்று முடிவு கட்டினார்.

"இந்தத் தடவை சிரிக்க மாட்டேன்யா," என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த தையல்காரரிடம் சொன்னார்.

தையல்காரருக்கு யாரும் கிடையாது. ஏதோ ஒரு சங்கம் அவருக்காகக் கட்டணம் கட்டி வந்தது. உப்பிய கன்னம், முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. கேமராவைக் கண்டால் அந்தச் சந்து தானாகத் திறந்துகொள்ளும். அவர் படத்தை அனுப்ப ஆளில்லாததால் அது விளம்பரத் தாளில் வந்தது.

"சிரிச்சா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க? எனக்கு எல்லாத் தொப்பியும் பொருந்துது. கடவுளுங்க எல்லாம் என் தலை அளவுக்குத்தான் மதம் ஆரம்பிச்சிருக்காங்க போல."

"உனக்கென்னய்யா, உன் படத்தைப் பாத்து ஏமாற ஒரு மகன் இல்ல."

தையல்காரரின் பற்களின் சந்து கொஞ்சம் மூடிக்கொண்டது.

படப்பிடிப்பு நாளன்று மேலாளர் அம்மா பட்டுப்புடவையில் வந்தார். இல்லத்தில் ஆண்கள் எல்லோரையும் அவர் 'அப்பா' என்றும், பெண்கள் எல்லோரையும் 'அம்மா' என்றும்தான் கூப்பிடுவார். பாசம் என்றும் சொல்லலாம். பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை என்றும் சொல்லலாம்.

"அப்பாங்களா, அம்மாங்களா! இன்னைக்கு நம்ம இல்லத்துல உலகமே கூடியிருக்கு. ஒவ்வொரு மதமும் நமக்கு என்ன சொல்லுது?"

"சீக்கிரம் முடிங்க, வெளிச்சம் போயிடும்," என்றார் கேமராத் தம்பி.

செக்கரின் முறை வந்தது. ஒரு வாரமாக அவர் முகம் மழிக்கவில்லை. நாற்காலியில் உட்காரும் முன் கைக்குட்டையால் வாயை மூடி, பல் செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கன்னம் இரண்டும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டன. நிலாப் பண்டிகைத் தொப்பிக்குக் கீழே அந்த முகத்தைப் பார்த்ததும் தம்பி கேமராவை இறக்கினார்.

"பெரியவரே, இது நிலாப் பண்டிகை. முகத்துல கொஞ்சம் நிலாவைக் காட்டுங்க."

"இன்னைக்கு அமாவாசைன்னு வெச்சுக்க."

"அப்பா, பல்லு எங்கப்பா?" என்றார் மேலாளர் அம்மா.

"தொலைஞ்சு போச்சு."

"சட்டைப்பையில என்ன துருத்திக்கிட்டிருக்கு?"

"மூக்குப்பொடி."

"நீங்க பொடி போடறதே இல்லையே."

"இன்னைக்கு ஆரம்பிச்சேன். நாலு மதம் ஒண்ணா வந்திருக்கு, எதையாவது ஆரம்பிக்க வேண்டாமா?"

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. மேலாளர் அம்மாவும் சிரித்தார். பார்ப்பவர்களுக்காகச் சிரிக்கும் சிரிப்பு. எல்லாப் பெட்டியிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துத் தலையில் வைத்தும் செக்கர் முகம் மாறவில்லை. மரத்தில் தொங்கிய நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வாரிசில்லாச் சொத்து மாதிரி இருந்தார். அறுவடைக் கதிரைக் கையில் கொடுத்தால் பஞ்சம் வந்துவிட்டதுபோல் பார்த்தார். விளக்குப் பெட்டிக்கு வந்தபோது, தன்னிடமிருந்த அத்தனை இருட்டையும் முகத்தில் திரட்டிக் கேமராவைப் பார்த்தார். இதற்காகத்தானே இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது.

தம்பி அந்தப் படத்தை அக்காவிடம் காட்டினார். மேலாளர் அம்மா பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதை அனுப்பினா மகன் அடுத்த பிளைட்ல வந்து நிப்பான்."

செக்கருக்குக் காது நன்றாகக் கேட்கும். இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வாழ்த்து அதுதான். அவர் நிம்மதியாக எழுந்தார்.

"பெரியவரே, அந்தக் கறுப்புக் கண்ணாடிய மட்டும் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க. துடைச்சுத் தர்றோம்," என்றார் தம்பி. கண் ஆபரேஷனுக்குப் பிறகு செக்கர் எப்போதும் போட்டிருக்கும் கண்ணாடி அது. வெற்றி பெற்றவருக்கு இருக்கும் தாராளத்தில் கழற்றிக் கொடுத்தார்.

வருஷம் ஓடியது. படங்கள் போய்க்கொண்டிருந்தன. மகன் அவ்வப்போது, "வாழ்த்து வந்துச்சுப்பா, தேங்க்ஸ்பா" என்றான். அவசரத்தில் பார்த்திருக்க மாட்டான் என்று செக்கர் நினைத்துக்கொண்டார். விளக்குப் படம்தான் முக்கியம். அதைப் பார்த்துவிட்டு யாரும் அவசரப்பட முடியாது. ஒரு சின்னப் பையில் இரண்டு சட்டை, மாத்திரை, மனைவியின் படம் எல்லாம் எடுத்து வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"கிளம்பியாச்சா?" என்றார் தையல்காரர்.

"அங்க குளிரும்கறான். ஸ்வெட்டர் வேணும்."

"என்னோடத எடுத்துக்குங்க. கைய மட்டும் பிரிச்சு நீட்டிக் குடுத்துடறேன். உங்களுக்குக் கை நீளம். டிக்கெட் கேட்டுக் கேட்டு நீண்டுபோச்சு."

இரண்டு நாள் உட்கார்ந்து நீட்டியும் கொடுத்தார்.

விளக்குப் பண்டிகைக்கு முந்தின வாரம் போன் வந்தது. சிஸ்டர் அதைக் கொண்டுவந்து செக்கரிடம் கொடுத்தார்.

"அப்பா! போட்டோ பாத்தேன்பா. பாத்ததும் அப்படியே உக்காந்துட்டேன்."

"சொல்லுடா."

"என்னால நம்பவே முடியல."

"வயசாகுதில்ல," என்றார் செக்கர், குரலை இன்னும் கொஞ்சம் மெலிய விட்டு.

"என்னமா இருக்கீங்கப்பா! கன்னமெல்லாம் உப்பி, வாய்கொள்ளாச் சிரிப்பு! நம்ம வீட்ல இருந்தப்போ ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்கீங்களா? உங்க மருமகளே சொல்றா, மாமா பத்து வயசு குறைஞ்சுட்டாருன்னு. இவ்ளோ சந்தோஷமா இருக்கற மனுஷனப் பிடுங்கிட்டு வந்து, இந்தக் குளிர்ல, ஒரு ரூம்ல போட்டுப் பூட்டி வெக்கறது பாவம்பா. லீவும் கிடைக்கல. கீழ் ரூம்ல வாஷிங் மெஷின் வெச்சுட்டோம். பண்டிகையன்னைக்கு வீடியோவுல கூப்பிடறேன், பாப்பாகூடப் பேசலாம். சரியாப்பா? வெச்சுடட்டுமா?"

வைத்துவிட்டான்.

செக்கர் சிஸ்டரிடம் அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். சிஸ்டர் தயங்கிக்கொண்டே காட்டினார். புருவம் வரை இறங்கிய தலைப்பாகை, தாடை வரை ஏறிய சால்வை, நடுவில் செக்கரின் கறுப்புக் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே, பற்களின் சந்து தெரிய, தையல்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் போன படங்கள் எல்லாம் அவர்தான். நிலாவிலும் அவர், மரத்தடியிலும் அவர்.

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த அம்மா, 'இன்னொரு தடவை உக்காருங்கப்பா, கண்ணாடி நல்லாருக்கு'ன்னாங்க. விளம்பரத்துக்குன்னு நெனச்சேன் அண்ணே. சத்தியமா."

செக்கர் அவரைத் திட்டவில்லை. நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

"என் மகனுக்கு எவன் படத்தையோ அனுப்பியிருக்கீங்க."

"அப்பா, உக்காருங்க. பண்டிகை நாள்ல ஒரு பிள்ளை மனசு நோகலாமா? எந்த மதம் அதை ஒத்துக்கும்? அவரும் அப்பாதான், நீங்களும் அப்பாதான். இங்க நாம பிரிச்சுப் பாக்கறதே இல்ல."

மனித ஒற்றுமையை எதிர்த்து ஒரு செக்கரால் என்ன வாதாட முடியும்? சிஸ்டரைக் கெஞ்சி மகனுக்குப் போன் போட்டார். அவன் எடுக்கவில்லை, வேலையில் இருந்திருப்பான். மறுநாளும் எடுக்கவில்லை. சரி, பண்டிகையன்று வீடியோவில் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறானே, இனி படத்தை நம்ப வேண்டாம், முகத்தையே காட்டிவிடலாம் என்று இருந்தார். மறுபடியும் மழிப்பதை நிறுத்தினார். இரண்டு வேளை கஞ்சியையும் தொடாமல் திருப்பி அனுப்பினார்.

பண்டிகை நாள் வந்தது. இல்லத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. விளக்குப் பெட்டி பரணில் இருந்தது. காலையில் சிஸ்டர் போனோடு ஓடிவந்தார். பின்னாலேயே மேலாளர் அம்மாவும், செக்கர் ஏதாவது உளறிவிடுவாரோ என்று, தன் போனைக் கையில் பிடித்தபடி வந்து கதவருகே நின்றார். செக்கர் பல் செட்டைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரையில் ஒரு கூடம் தெரிந்தது. நிறைய விளக்கு, நிறைய ஆட்கள். சம்பந்தி வீட்டார் மொத்தமும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய சட்டம் போட்டு, சுற்றிலும் குட்டி பல்புகள் ஓடவிட்டு, நடுவில் அந்தப் படம். ஒரு பெண் குழந்தை போனைப் பிடுங்கித் தன் முகத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டது. செக்கரைப் பார்த்ததும் அதன் முகம் சுருங்கியது.

"அப்பா, இது யாரு? பயமா இருக்கு."

"பாப்பா, நான்தான்..." என்றார் செக்கர். பல் இல்லாத வாயிலிருந்து பாதி காற்றாக வந்தது.

குழந்தையின் கண் அவரைத் தாண்டிப் போனது. பின்னால் தன் கட்டிலில், நல்ல நாளும் அதுவுமாக இருக்கட்டும் என்று தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்த தையல்காரர், குழந்தையைக் கண்டதும் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டார்.

"ஐ! தாத்தா! அதோ தாத்தா!" என்று குழந்தை கத்தியது. சுவரைக் காட்டியது, தையல்காரரைக் காட்டியது, மறுபடி சுவரைக் காட்டியது. "அதே பல்லு! அப்பா, தாத்தா!"

மகன் போனை வாங்கிப் பார்த்தான். செக்கரைப் பார்த்தான். பின்னால் இருந்தவரைப் பார்த்தான். திரும்பிச் சுவரைப் பார்த்தான். டிக்கெட் இல்லாமல் பிடிபடுகிறவன் முகத்தை எந்த வெளிச்சத்திலும் செக்கருக்கு அடையாளம் தெரியும். முதலில் சட்டைப்பையைத் தடவுவான், பிறகு பக்கத்து சீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களா என்று பார்ப்பான். மகன் பக்கத்தில் பார்த்தான். மாமனார் கையில் பலகாரத் தட்டோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவா மாப்ள? சம்பந்தி எப்படி இருக்காரு? குடுங்க, நானும் ஒரு வார்த்தை பேசறேன்."

"நல்லா இருக்காரு மாமா. லைன் சரியில்ல, அப்புறம் பேசலாம்," என்றான் மகன்.

"அப்போ இவரு யாருப்பா?" என்றது குழந்தை, செக்கர் பக்கம் விரலை நீட்டி.

மகன் வாயைத் திறந்தான். செக்கர் காத்திருந்தார். கீழ் ரூம் வேண்டாம், குளிர் வேண்டாம்; அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று இருந்தது.

"அவரு... தாத்தாவோட ஃப்ரெண்டும்மா. வணக்கம் சொல்லு."

தையல்காரர், "அய்யய்யோ, பாப்பா, நான் இல்லம்மா..." என்று எழப்போனார். செக்கர் கையைப் பின்னால் நீட்டி அவரை உட்கார வைத்தார்.

"ஆமாம்மா," என்றார் போனைப் பார்த்து. "நான் பக்கத்துக் கட்டில். நீ தாத்தாகிட்ட பேசு."

சிஸ்டர் போனை மெல்லத் தையல்காரர் பக்கம் திருப்பினார். தையல்காரர் அழுதுகொண்டே பேசினார். அதுவரை யாரும் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டதில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார், ஸ்கூலுக்குப் போகிறாயா என்று கேட்டார், கவுனுக்குக் கை நீளமாக இருக்கிறது, மடித்துத் தைக்கச் சொல் என்றார். மகன் அங்கிருந்து, "சரிப்பா... சரிப்பா..." என்று சொல்லிக்கொண்டிருந்தான். யாரிடம் சொன்னான் என்பது தெரியவில்லை. செக்கர் ஓரமாக நகர்ந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, சட்டைகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

கதவருகே நின்ற மேலாளர் அம்மா அதற்குள் தன் போனில் ஒரு படம் எடுத்துவிட்டார். கண்ணீரும் சிரிப்புமாக ஒரு முதியவர், கையில் போன், போனுக்குள் ஒரு குழந்தை. அடுத்த ஆண்டு விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் அது வந்தது: 'எங்கள் இல்லத்தில் எந்தத் தந்தையும் தனியாக இல்லை.' தேவையில்லாததை எல்லாம் கேமராத் தம்பி வெட்டியிருந்தார். இடது ஓரத்தில் செக்கரின் காது மட்டும் வெட்டுப்படாமல் நின்றுவிட்டது.